வல்லம் என்று முன்னால் எழுதினேன்

உன் பென் டிரைவை லேப்டாப்பில் செருகும்போது பச்சை வேர்க்கடலை வாசம் அடித்தது. மூடி தொலைந்துபோன அதை, வீட்டிலிருந்து கொண்டுவரும் மல்லாட்டையோடு சேர்த்தே பையில் போட்டு வைப்பாய். இத்தனை மாதம் கழித்தும் இடுக்கில் செம்மண் இருக்கிறது. ஊதினால் போய்விடும். ஊதவில்லை.

அம்மா பக்கத்து அறையில் இருமுகிறாள். விளக்குப் போடாமல் திரை வெளிச்சத்தில் நோட்டில் எழுதுகிறேன். உனக்கு எழுதுவது தெரிந்தால் திட்டுவாள். "போனவளயே நெனச்சிக்கினு இருந்தா நீயும் படுத்துக்குவ" என்பாள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல?

விடிந்தால் விழுப்புரத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. நாம் இரண்டு பேரும் செய்த மல்லாட்டைக் கணக்குப் புரோகிராமை நான் தனியாகக் காட்ட வேண்டும். உன் நைனா வருகிறார். நேற்று பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, "எம் பொண்ணு போட்ட கணக்கு அதுல வருதாமே. ஒரு தபா பாத்துட்டுப் போய்டறேம்மா" என்றார். தலையாட்டிவிட்டேன். உன் கணக்கு அதில் ஓடவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஈர மல்லாட்டை காய்ந்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று சொல்லும் பகுதி உன்னுடையது. அதற்காக நைனாவோடு களத்தில் நின்று, காயக் காய மூட்டையை எடை போட்டுப் பார்த்தாய். அந்தக் கணக்குக்கு 'கன்வெர்ட்' என்று பெயர் வைத்தாய். போன வாரம் கம்ப்யூட்டர் சார், குவிண்டாலிலும் டன்னிலும் காட்டினால் நன்றாக இருக்கும் என்றார். அதற்கென்று யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்த ஒரு லைப்ரரியை, ஆயத்தக் கணக்குகளின் தொகுப்பை, இறக்கினேன். உன் ஃபைலை அழைக்கும் வரிக்குக் கீழே அதையும் அழைத்தேன். இரண்டு வரியிலும், உள்ளே இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லும் நட்சத்திரக் குறி. அந்த லைப்ரரியிலும் ஒரு 'கன்வெர்ட்' இருந்தது. பின்னால் வந்தது, முன்னால் வந்ததை மூடிவிட்டது.

பிழை என்று சிவப்பில் ஒரு வரி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எதுவும் வரவில்லை. நூறு கிலோ ஈர மல்லாட்டை காய்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்று என்றது. ஒரு குவிண்டாலாம்.

சாரிடம் காட்டினேன். "ஒரே பேரு ரெண்டு இருந்தா அப்பிடித்தாம்மா. அந்தப் பொண்ணு ஃபைல தூக்கிடு. காஞ்ச எடைய யாரு கேக்கப்போறாங்க? டைம் இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் முன்பு உன் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பட்டன்மேல் விரலை வைத்தேன். பதினொன்றாம் வகுப்பின் முதல் நாள் நினைவுக்கு வந்தது. இதே சார்தான் பெயரைக் கூப்பிட்டார். நீயும் நானும் ஒன்றாக எழுந்தோம். இனிஷியல் கேட்டார். அதுவும் ஒன்றே. வகுப்பே சிரித்தது. "எந்த ஊரும்மா ரெண்டு பேரும்?" நான் சிங்கவரம், நீ வல்லம். அன்றிலிருந்து வருகைப் பதிவில் நமக்கு மட்டும் ஊர் முன்னால் வந்தது. போகப் போக வகுப்பில் பெயரே காணாமல் போயிற்று.

"ஏ வல்லம், இன்னாடி சோறு இன்னிக்கு?"

"ஒனக்குக் குடுக்காத சோறுடி, சிங்கவரம்."

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். நீ திரும்பவே இல்லை. "ஊரச் சொல்லாம கூப்ட்டா அது நான் இல்ல" என்று கடலைத் தோலை என்மேல் ஊதினாய்.

காய்ச்சல் என்று லீவு போட்ட நீ திரும்பி வரவே மாட்டாய் என்று தெரிந்த அந்த வாரம், சார் என்னை வெறும் பெயரால் கூப்பிட்டார். நான் எழவில்லை. "இனிமே ஊரு வேணாம்மா. ஒருத்திதானே" என்றார்.

விரலை எடுத்துவிட்டேன்.

உன் ஃபைலுக்குள் நீ வைத்த பெயரை மாற்ற எனக்குக் கை வரவில்லை. லைப்ரரிக்குள் போய் மாற்றினாலோ, அதைப் புதிதாக இறக்கும் நாளில் மாற்றியது போய்விடும். அதனால் இரண்டு நட்சத்திரங்களையும் எடுத்தேன். லைப்ரரியை 'அளவு' என்றும் உன் ஃபைலை 'வல்லம்' என்றும் அழைத்தேன். 'கன்வெர்ட்' வரும் இடமெல்லாம் தேடி, எது யாருடையது என்று முன்னால் எழுதினேன். வல்லம், புள்ளி, கன்வெர்ட்.

பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. சார்ஜர் அம்மா படுத்திருக்கும் அறையில். ஓட்டினேன். பிழை. 'கன்வெர்ட்' என்று யாரும் இல்லையாம். எங்கோ ஓரிடத்தில் முன்னால் எழுதாமல் விட்டிருக்கிறேன். பயத்திலும் சிரிப்பு வந்தது. ஊரைச் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறேன், நீ திரும்பவில்லை. அந்த இடத்தைத் தேடிப் பிடித்து 'வல்லம்' என்று எழுதினேன்.

நூறு கிலோவுக்கு அறுபத்தெட்டு என்று வந்தது. களத்தில் நீ எடை போட்டுச் சொன்ன அதே அறுபத்தெட்டு. திரை அணைவதற்குள் உன் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். மீதியை இருட்டில், வரி கோணக் கோண எழுதுகிறேன்.

தூக்கச் சொன்னதைத் தூக்கவில்லை என்று சாருக்கு இன்னும் தெரியாது. எல்லோர் முன்னாலும் திட்டுவாரோ என்னவோ. ஆனாலும் உன் நைனா எடையைச் சொல்லச் சொல்ல, நான் அடித்துக் காட்டுவேன். நடுவர் என் பெயரைக் கேட்பார். சிங்கவரத்தையும் சேர்த்துச் சொல்வேன். ஊர் எதற்கு என்று கேட்டால், எங்கள் வகுப்பில் இந்தப் பெயரில் இரண்டு பேர் என்பேன்.