அரிசி டின்னில் கிடைத்த மார்க் ஷீட்

என்னங்க,

பெரம்பலூரில் பெண்களுக்கான இலவச வெல்டிங் பயிற்சியில் சேர இன்றுதான் கடைசி நாள். ஏழு மணி பஸ்ஸில் போகிறேன். நீங்கள் ஒளித்துவைத்த என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கிடைத்துவிட்டது. அரிசி டின்னுக்குள் வைத்தால் என் கையில் படாதா? பதினாலு வருஷமாக இங்கே உலை வைப்பது யார்?

"பொம்பளைக்கு எதுக்கு வெல்டிங்கு? ஊரு சிரிக்கும்" என்றீர்கள். மொட்டை வெயிலில் நான் மக்காச்சோளம் ஒடித்தபோது சிரிக்காத ஊர், இப்போது சிரித்துக்கொள்ளட்டும்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. யாழினிக்கு இரட்டைப் பின்னல் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புங்கள். பூட்டிவிட்டுச் சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டுங்கள்.

மலர்கொடி

பி.கு.: நான் வர இருட்டிவிடும். ராத்திரிச் சோற்றை நீங்களே வடித்துவிடுங்கள். அரிசி எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத்தான் தெரியுமே.