கோடு போட்டவரும் எடுத்தவரும்

பிப்ரவரி 3, 1993

கணக்கு மன்றத்தில் இன்று கொலாரொவா டீச்சர் ஒரு புதிர் போட்டார். பகையாளிகளான இரண்டு சிற்றரசர்கள், ஒரே பள்ளத்தாக்கு. சண்டையில்லாமல் எப்படிப் பிரிப்பது? நான்தான் முதலில் கை தூக்கினேன். ஒருவன் கோடு போடட்டும். மற்றவன் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். "இதுல ஏமாத்த வழியே இல்ல" என்றார் டீச்சர். என்ன அழகு!

பிப்ரவரி 4

வீட்டிலும் சொன்னேன். அரசாங்கக் கூட்டுப்பண்ணை கலைந்து, அது எடுத்துக்கொண்டிருந்த தாத்தாவின் திராட்சைத் தோட்டம் திரும்பி வந்ததிலிருந்து, அதைப் பிரிக்கும் சண்டையில் அப்பாவும் அவருடைய அக்கா ருமியானா அத்தையும் பேசிக்கொள்வதில்லை.

அப்பா சிரித்தார். "ராஜாக்களுக்கே புத்தி சொல்றியா! சரி, கோட்ட நான் போடறேன். உங்க அத்தை எதை எடுப்பா, சொல்லு பாப்போம்?"

அதுவும் புதிர் மாதிரி இருந்தது. உடனே சொன்னேன்: மேட்டில் இருக்கும் தாத்தாவின் கிழட்டுக் கொடிகள். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும் திரிஃபோன் திருநாளில் முதல் கிளையை வெட்டி ஒயின் ஊற்றுவது அங்கேதான். அத்தை அதை விடவே மாட்டார்.

பிப்ரவரி 14

திரிஃபோன் திருநாள். அப்பா கோடு போட்டார். மேல் பக்கம் கிழட்டுக் கொடிகளும் கல்லும். கீழ்ப் பக்கம் நன்றாக விளையும் கறுப்பு மண்ணும் ஊற்றும்.

அத்தை யோசிக்கவே இல்லை. "எங்கப்பா கொடி இருக்கற பக்கம் எனக்கு." என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "நெவேனா, உன் படிப்புதான்டி எங்க சண்டையத் தீத்துச்சு." அழுதார்.

அவர் தோளுக்கு மேலாக அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிப்ரவரி 15

ஏமாற்ற வழி இருக்கிறது. எடுப்பவரின் மனசு கோடு போடுபவருக்குத் தெரிந்தால் போதும். சொன்னது யாரு? நான்தானே.

ஜூலை 9

மழையே இல்லை. அத்தை வைத்த புதுக் கன்றுகள் கருகுகின்றன. ஊற்றுத் தண்ணீர் கேட்டு வந்தார்.

"நீயேதானக்கா எடுத்த?" என்றார் அப்பா.

"ஆமா தம்பி. நான்தான் எடுத்தேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சீ.

ஜூலை 10

கோடு போடும் முன் அப்பா என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சுதான் சொன்னியாடி?"

"நீங்க எதை எடுப்பீங்கன்னு தெரியும் அத்தை. அப்பா எதுக்குக் கேக்கறார்னு... யோசிக்கல."

"கணக்குல முதல் ஆளு. யோசிக்கலயா?"

 

ஜூலை 11

காலையில் அத்தை இரண்டு வாளிகளோடு வந்தார். யாரையும் கேட்காமல் எங்கள் ஊற்றில் மொண்டார். அப்பா வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நான் இன்னொரு வாளியை நிரப்பிக்கொண்டு பின்னால் நடந்தேன். மேடு ஏறும்வரை அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.