ஒரு முறை போட்டால் ஒன்று

ஜனவரி 8, வியாழன்

இன்றும் பைல் திறக்காமல் அடம்பிடித்தது. எட்டாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள், 'கோடிட்ட இடங்களை நிரப்புக' வரைக்கும் வந்துவிட்டு அப்படியே நின்றது. மேசைக்கடியில் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பித்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் போவாரே என் மாமனார், அதே தோரணை.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கும்மா. ஒண்ணுல கம்ப்யூட்டர் ஓடுது. இன்னொண்ணுல உங்க வேலையெல்லாம் இருக்கு. அந்த ரெண்டாவதுக்கு உடம்பு சரியில்ல போல" என்றார். மாலையில் போய் டிஸ்க்கைச் சோதிக்கிற சாப்ட்வேரைப் பென் டிரைவில் வாங்கிவந்தேன். என் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. பள்ளிக்கூடக் கேள்வித்தாள்களை டைப் செய்து பக்கம் அமைக்கிறவளுக்கு அதுதான் முதல் நிபந்தனை. பைல் அச்சகத்துக்குக் கையில்தான் போகும், கையில்தான் வரும்.

ஓட்டிப் பார்த்தால் மஞ்சள் கட்டம். 'கவனம்' என்று போட்டிருக்கிறது. கீழே வரிசையாக விவரம்: எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் கொடுத்துக் கிளப்பப்பட்டது, எத்தனை இடம் கெட்டுப்போனது. "மஞ்சள்னா உடனே போயிடாது. தினம் காலைல ஒரு தடவ பாத்து எழுதி வைங்க. கெட்ட இடம் கூடிக்கிட்டே போனா மாத்திடலாம்" என்றார். காய்ச்சல்காரனுக்கு எழுதுவது போல இனி இதற்கும் எழுத வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

கெட்ட இடம் கூடவில்லை. கிளப்பிய எண்ணிக்கை 2316. ஒரு முறை போட்டால் ஒன்று கூடும். நல்ல கணக்கு.

ஜனவரி 12, திங்கள்

நல்ல கணக்காம். நான் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கம்ப்யூட்டரைப் போடுவேன். காலையில் போட்டால் மாலையில்தான் அணைப்பேன். நேற்று ஞாயிறு, தொடவேயில்லை. அப்படியானால் இன்று 2318 இருக்க வேண்டும். 2323 என்கிறது.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் தப்பில்லை.

யாரோ போடுகிறார்கள். நான் இல்லாத நேரத்தில்.

ஜனவரி 13, செவ்வாய்

இரவு சாப்பிடும்போது இவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "என் கம்ப்யூட்டர யாராச்சும் போட்டாங்களா?"

"எனக்கு பஸ் டிப்போல இருக்கற கம்ப்யூட்டரே போதும். கால ஆட்டாத, மேசை ஆடுது, குழம்பு சிந்துது."

இவரை நம்பலாம். இவருக்கு டிவி ரிமோட்டிலேயே பாதிப் பட்டன் எதற்கென்று தெரியாது.

அப்படியானால் மாடி. நாத்தனாரும் அவள் மகளும். கணவனை விட்டு வந்து ஆறு வருடமாக மாடியில் இருக்கிறார்கள். நாத்தனாருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மகளை நாங்கள் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம், பதினேழு வயது ஆன பிறகும். நான் பாங்குக்கு, அச்சகத்துக்கு, காய்கறிக்குப் போகும்போது வீட்டுச் சாவி மாடியில்தான் இருக்கும். வேலை அறைக்குப் பூட்டு கிடையாது. இதுவரை தேவைப்படவில்லை.

வாலு பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பள்ளியின் மாதிரித் தேர்வுக் கேள்வித்தாள் என் டிஸ்க்கில் இருக்கிறது. கணக்குப் பாடம் உட்பட.



ஜனவரி 14, புதன்

ஒன்று இடிக்கிறது. கிளப்பிய எண்ணிக்கை கூடுகிறது. ஓடிய மணிநேரம் கூடவில்லை. நான் வேலை செய்த நேரம்தான் அதில் இருக்கிறது.

இடிக்க என்ன இருக்கிறது? ஒரு பைலைக் காப்பி எடுக்க ஐந்து நிமிடம் போதாதா? புத்திசாலிப் பெண். மணிக்கணக்காகவா உட்கார்ந்திருப்பாள்?

ஜனவரி 16, வெள்ளி

வேலை அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். வாலு மாடிப்படியில் இறங்கும்போது பார்த்துவிட்டு, "என்ன அத்தை, உள்ள புதையலா?" என்று சிரித்தாள். குற்றமுள்ளவர்கள்தான் இப்படி முந்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

காலாண்டில் கணக்கில் நாற்பத்தெட்டு வாங்கியவள். போன மாத யூனிட் டெஸ்ட்டில் எழுபத்தாறு. நாத்தனார் அன்று தட்டு நிறைய இனிப்போடு வந்தாள். நானும் இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன். அப்போது ஏன் எனக்கு மூளை வேலை செய்யவில்லை?

அந்த யூனிட் டெஸ்ட் தாளும் நான்தான் அடித்தேன்.

ஜனவரி 19, திங்கள்

பூட்டிய பிறகும் கணக்குக்கு மேல் கூடியிருக்கிறது. நான்கு.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் தாலிக்கொடி மாதிரி எப்போதும் என்னோடு. இன்னொன்று இவருடைய கொத்தில். தங்கை என்றால் இவருக்கு உருகிவிடும். "அண்ணா, ஒரே ஒரு பிரிண்ட்" என்று கேட்டிருப்பாள். கொடுத்திருப்பார். கொடுத்துவிட்டு என் எதிரில் குழம்பைப் பற்றிப் பேசியிருப்பார்.

இவர் குளிக்கும்போது கொத்திலிருந்து சாவியைக் கழற்றிவிட்டேன். மவுஸையும் பிடுங்கிக்கொண்டு போய்ப் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். இவர் பார்த்துவிட்டார். "அதுக்குக் குளிருதா?" என்றார்.

கடைக்காரர் வேறு போன் செய்தார். "புது டிஸ்க் வந்திருக்கும்மா, மாத்திடலாமா?" வேண்டாம் என்றேன். இது இருந்தால்தான் எனக்குச் சாட்சி.

ஜனவரி 22, வியாழன்

ஒரு பொறி வைத்திருக்கிறேன். பொய்யாக ஒரு கணக்குத் தாள். பள்ளிக்கூடப் பெயர், தேர்வின் பெயர், மதிப்பெண் எல்லாம் அசல் போலவே. கடைசி வினா மட்டும் என் சரக்கு: கூம்பு வடிவத் தொட்டி, அதில் தண்ணீர் நிரம்பும் வேகம், நீர்மட்டம் உயரும் வேகம் காண்க. அசல் தாளில் தொட்டியே கிடையாது. அசலைப் பென் டிரைவில் எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, பொய்யை டிஸ்க்கில் கண்ணில் படுகிற மாதிரி போட்டுவைத்தேன்.

இனி யார் வாயில் தொட்டி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

வந்துவிட்டது.

மாலை, நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். வாலு இவர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். "மாமா, கூம்பு மாதிரித் தொட்டில தண்ணி ஏறினா மேல போகப் போக ஏன் மெதுவா ஏறுது?" இவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஏதோ விளக்குகிறார், விஞ்ஞானி மாதிரி.

ஒரு செருப்போடே உள்ளே போனேன். "இந்தக் கணக்கு உனக்கு எங்க கெடச்சுது?" என்றேன்.

"புக்ல இருக்கே அத்தை."

முகத்தில் ஒரு சலனம் இல்லை. எப்படிப்பட்ட பெண்.

புத்தகத்தில் இருக்கிறதுதான். எடுத்துப் பார்த்தேன். நான் அதைப் பார்த்துத்தானே பொறியே செய்தேன். ஆனால் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான கணக்கு இருக்கிறதே, ஏன் இதே கணக்கு? ஏன் இந்த வாரம்?

ஜனவரி 28, புதன்

தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா? வீட்டுப் பெண். ஆனால் வேலை எடுக்கும்போதே அச்சக முதலாளியிடம் சொன்னேன், என் நாத்தனார் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று. "உங்கள நம்பித்தானம்மா குடுக்கறேன்" என்றார். அந்த வார்த்தை வந்து வந்து குத்துகிறது.

நாத்தனாரிடம் நேரில் கேட்டால்? இல்லை என்பாள். அழுவாள். இவர் அவள் பக்கம் நிற்பார். நான் கெட்டவளாவேன். தெரியாதா எனக்கு.

ஜனவரி 29, வியாழன்

அச்சக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அசல் வெளியே போயிருக்குமா என்று உறுதியாகத் தெரியாது, ஆனால் யாரோ என் கம்ப்யூட்டரைத் தொடுகிறார்கள் என்றேன். யார் என்று அவர் கேட்டார். சொன்னேன்.

பிப்ரவரி 4, புதன்

பள்ளியில் வாலுவைத் தனியாக உட்கார வைத்து, வேறு தாள் கொடுத்துத் தேர்வு எழுத வைத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியையின் அறையில். பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, வகுப்பு முழுக்கப் பார்த்திருக்கிறது.

நாத்தனார் வேலை உடையோடு நேராக என் அடுப்படிக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒத்துக்குவியா?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வந்துவிட்டது வாயில். அவள் எங்கள் வீட்டுச் சாவியைக் கழற்றி அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

தனித்தாளில் வாலுவுக்கு எண்பத்தொன்று. அந்தத் தாளும் எங்கிருந்தோ கிடைத்திருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன், வேறென்ன செய்வது.

பிப்ரவரி 11, புதன்

சாவி என்னிடம். மாடியிலிருந்து ஒருவரும் கீழே இறங்கவில்லை. இவர் என்னோடு பேசுவதே இரண்டு வார்த்தை. இன்று காலையும் எண்ணிக்கை ஆறு கூடியிருந்தது.

அப்போ யாருதான் போடறது? சுவரேறிக் குதிச்சா வர்றாங்க?

அறையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன். திரையில் அந்தச் சாப்ட்வேரைத் திறந்தே வைத்தேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்த் தாளை அடித்துக்கொண்டே நடுநடுவே பார்த்தேன். அசையவில்லை. அப்புறம் ஒரு வரியில் தப்பு வந்து எரிச்சலாகி யோசித்துக்கொண்டிருந்தேன். 'டிக்.' பைல் நின்றது. திரும்ப வந்தது. எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

நான் உட்கார்ந்திருக்கிறேன். அறையில் வேறு ஆளில்லை. கம்ப்யூட்டர் அணையவே இல்லை.

குனிந்து பார்த்தேன். வெக்கைக்காகப் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி எத்தனையோ மாதம். என் வலது கால் பெட்டியின் திறந்த பக்கத்தில். கட்டைவிரல் டிஸ்க்குக்குப் போகிற ஒயர்மேல். கால் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். வேண்டுமென்றே ஒயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். 'டிக்.' இன்னொன்று கூடியது.

ஒயர் சொருகிய இடத்தில் தளர்ந்திருக்கிறது. அசைந்தால் டிஸ்க்குக்கு மட்டும் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் அது ஒன்று என்று எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான். நான் எவ்வளவு பதறினேனோ அவ்வளவு காலை ஆட்டியிருக்கிறேன். எவ்வளவு ஆட்டினேனோ அவ்வளவு கூடியிருக்கிறது.

காலையில் மட்டும்தான் எண்ணைப் பார்த்தேன். மாலையில் அணைக்கும் முன் ஒரு நாள் பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். நான் உட்கார்ந்திருந்த நேரத்தைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

ஐயோ, அந்தப் பொண்ணு பையைக் கொட்டிட்டாங்களே.

பிப்ரவரி 12, வியாழன்

முதலில் அச்சகம். முழுவதும் சொன்னேன், என் தப்பு என்று. முதலாளி சிரித்துவிட்டார். "சந்தேகம் வந்தா சொல்லத்தானம்மா வேணும். சொந்தக்காரங்கன்னுகூட பாக்காம சொன்னீங்க பாருங்க. உங்கள மாதிரி ஆள்தான் எனக்கு வேணும்." இன்னும் இரண்டு பள்ளிக்கூட வேலை தருகிறாராம். அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பிறகு பள்ளி. தலைமை ஆசிரியை, "அதெல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சு, விடுங்க" என்றார். அவருக்கு முடிந்துபோய்விட்டது. வகுப்பில் வாலுவை இப்போது 'வினாத்தாள்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இது இவர் சொல்லித் தெரியும்.

மாலை மாடிக்குப் போனேன். வாலு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒயர், கால், எண்ணிக்கை எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றேன். அவள் கடைசித் துணிவரை மடித்து முடித்தாள்.

"நாங்க எடுக்கலன்னு உங்களுக்கு ஒரு ஒயர் வந்து சொல்ல வேண்டியிருக்கு. இல்ல அண்ணி?"

படி இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

புது டிஸ்க் போட்டாயிற்று. கடைக்காரர் தகட்டையும் மூடி நான்கு திருகு போட்டுவிட்டார். நீலக் கட்டம், 'நலம்'. தினமும் பார்க்கச் சொன்னார். பார்ப்பதில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

நாத்தனார் வேறு வீடு பார்க்கிறாளாம். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில். இவர் என்னிடம் சொல்லவில்லை. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு மாடி ஏறுவது?

மே 21, வியாழன்

மதியம் அறை வாசலில் நிழல். வாலு. நான்கு மாதத்தில் முதல்முறை. நிலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"அத்தை, காலேஜ் விண்ணப்பம் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கணும். இன்னிக்குத்தான் கடைசி. கடையடைப்பாம், கடை எல்லாம் மூடியிருக்கு."

எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். "உள்ள வா. உக்காந்து நீயே எடுத்துக்கோ."

"வேணாம் அத்தை. நீங்களே எடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

பென் டிரைவை எட்டி நீட்டினாள். நான் பிரிண்ட் எடுத்து முடிக்கும்வரை இரண்டு கையையும் நிலையின்மேல் எனக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாளையும் பென் டிரைவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளை மட்டும் வாங்கினாள்.

"இது கொஞ்ச நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. உள்ள என் விண்ணப்பம் தவிர வேற ஒண்ணும் இல்ல, பாத்துட்டே குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.