ஆறு சிரட்டையும் உன் கார்டு நம்பரும்

என் உயிர் மச்சான் காத்தமுத்துவுக்கு,

எமர்ஜென்சி போட்டு, ஆபீஸ் ஆட்கள் எல்லாம் நேரத்துக்கு வேலைக்கு வந்த வருஷம் அது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த நம்மைக் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் காதில் விழுந்தது மறக்காது. இறங்கிய இடத்தில், கப்பலில் வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்பக் கார்டில் உன் நம்பரைச் சொன்னாய்: ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு.

செல்லம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் கேட்டேன். "பொஞ்சாதி பேரைச் சேர்க்கணுமே, கார்டு நம்பர் என்ன மச்சான்?"

"ரெண்டு எட்டு அஞ்சு ஏழு ஒன்னு நாலு" என்று சிரித்தாய்.

பிள்ளை பிறந்தபோதும் கேட்டேன். "நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு ஒன்னு." சொந்தக் கார்டாக இருந்தால் ஒருத்தன் மூன்று விதமாகச் சொல்வானா? "இவன் கொண்டு வந்தது கள்ளக் கார்டு" என்று சூப்பர்வைசரிடம், கிளார்க்கும் செல்லம்மாவும் கேட்க, உன் முன்னாலேயே சொன்னேன்.

கார்டைச் சோதிக்க எடுத்துப் போனார்கள். உனக்கு ஒதுக்க இருந்த வீடு வேறு ஆளுக்குப் போனது. கைக்குழந்தையோடு மழையில் தேவாலா பஸ் ஏறினாய். கார்டு சரி என்று திரும்பி வந்தது, நீ வரவில்லை. என் சந்தேகமும் தீரவில்லை. ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாமே, ஏன் வாயைத் திறக்கவில்லை?

போன மாதம் உன் கருமாதியில் செல்லம்மாதான் சொன்னாள். "அண்ணே, தனியா இருந்தப்ப நம்பரை இருந்தபடி சொன்னாரு. நான் வந்ததும் ரெண்டால பெருக்கினாரு. பிள்ளை பொறந்ததும் மூனால. அது அவரு விளையாட்டு."

"பெருக்கினா அதே ஆறு எண்ணு எப்படித் திரும்பி வரும் தங்கச்சி? எனக்கே காது குத்துறியா?"

"அன்னைக்கும் நம்பல, இன்னைக்கும் நம்பலையா? போய்க் கூட்டிப் பாருங்க."

ஆறு தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்தேன். உன் நம்பர்ப்படி காப்பிக்கொட்டை போட்டேன். ஒன்றில் பத்து சேர்ந்தால் எடுத்துவிட்டு, இடப்பக்கத்தில் ஒன்று போட வேண்டும். கொழுந்து எடை நினைவு வைக்க நான் கண்டுபிடித்த வழி. அதே அளவை மறுபடி சேர்த்தேன். இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு, ஒன்று, நாலு! யாராவது கலைத்திருப்பார்கள் என்று கதவைத் தாழிட்டு, முதலிலிருந்து போட்டேன். அதேதான். மூன்றாவதும் நீ சொன்னதுதான். ஆறு தடவை வரை அந்த ஆறு எண்களே இடம் மாறி உட்கார்ந்தன.

ஏழாவது தடவை ஒரு சிரட்டையிலும் பத்து சேரவில்லை. எல்லாவற்றிலும் ஒன்பது ஒன்பது. உன் எண்கள் எங்கே போயின? இது உனக்குத் தெரியுமா மச்சான்? இன்னும் ஒரே ஒரு கொட்டை போட்டேன். ஆறும் காலியாகி, இடது ஓரத்தில் வைத்த புதுச் சிரட்டையில் ஒற்றைக் கொட்டை நின்றது.

இந்தக் கடிதத்தை எழுதுகிறவரையும் நம்பாமல் இருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்ற இடத்தை மட்டும் மூன்று முறை.

வருகிற ஞாயிறு சிரட்டைகளோடு தேவாலா பஸ் ஏறுவேன். உன் வீட்டு வாசலில் ஊர் பார்க்க ஏழு தடவையும் கூட்டிக் காட்டுவேன். மன்னிப்பு கிடைக்குமா? சந்தேகம்தான். நான் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் சூப்பர்வைசர் போய்விட்டார், கிளார்க் போய்விட்டார், நீயும் போய்விட்டாய். மிச்சம் இருப்பது ஒருத்திதான், செல்லம்மா.

உன்னை நம்பாத மச்சான்,
பெருமாள் (கைநாட்டு)