விலை இறங்கும் நாள்

கார்பனியர், நியூஃபவுண்ட்லாந்து
14 செப்டம்பர் 2014

அன்புள்ள ஜெரார்ட்,

நீ என்னிடம் சொல்லாமல் வண்டி வாங்கியிருக்கிறாய்.

வீட்டுக்கடன் கேட்கப் போன இடத்தில் வங்கிக்கார டோலரஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "உன் வீட்டுக்காரன் பேர்ல புது வண்டிக் கடன் ஓடுதே பெர்னா, உனக்குத் தெரியாதா?" பள்ளியில் என்னோடு படித்தவள். "தெரியுமே" என்று சிரித்து வைத்தேன்.

போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நாம் குடியிருக்கும் இந்த வீட்டைக் கெஹோ விற்கப்போகிறார். ஒன்டாரியோவில் மகளிடம் போகிறாராம். "முதல்ல உங்களத்தான் கேக்கறேன், அப்புறந்தான் வெளியாளு" என்றார். இத்தனை வருட வாடகையில் அவருக்கு ஒருமுறை இதை வாங்கிக் கொடுத்தாயிற்று. இனி நமக்காக வாங்கலாமே?

குளிருக்குக் கம்பளி பனியன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

கோபத்துடனும் முத்தத்துடனும்,
பெர்னா


ஃபோர்ட் மெக்மர்ரி
28 செப்டம்பர் 2014

பெர்னா கண்ணு,

தப்புதான். ஆனால் இங்கே நம் ஊர்க்காரன் எவனிடம் பிக்கப் வண்டி இல்லை, சொல்? முதல் சம்பளத்தில் எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். "ஏன்டா, கம்பெனி பஸ்ஸுலயே கெழவனாகப் போறியா?" என்று கூட வேலை செய்யும் லியோ தினமும் குத்துவான். ரோஷம் வந்துவிட்டது.

வீட்டுக்கு அவசரப்படாதே. விலை உச்சத்தில் இருக்கிறது. எண்ணெய் விலை கொஞ்சம் சரிந்தால் நம் ஊர் வீடுகளும் சரியும். அப்போது மலிவாகப் பிடிக்கலாம். இங்கே எண்ணெய்ச் சுரங்கத் தொழிலாளர் முகாமில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு வருடம் பொறு.

இங்கே எல்லாவற்றையும் வேகவைத்தே கொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ செய்யும் உப்புக்கறியையும் முட்டைகோஸையும் நினைத்துக்கொண்டு விழுங்குகிறேன்.

உன்,
ஜெரார்ட்


கார்பனியர்
19 அக்டோபர் 2014

அன்புள்ள ஜெரார்ட்,

முட்டைகோஸ் பேச்சில் நான் மயங்க மாட்டேன். உப்புக்கறியும் வேகவைத்ததுதான், திருட்டுப்பயலே.

நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த வண்டி எட்மண்டன் விமான நிலையத்தில் காசு கொடுத்துப் படுத்துக்கிடக்கிறது. அதுவும் நம்மைப்போல வாடகைக்குத்தான் இருக்கிறது, பாவம்.

எண்ணெய் சரிந்தால் முதலில் யார் தலையில் விழும் என்று முகாமில் யாரும் சொல்லவில்லையா? இந்த ஊரில் வீடு வாங்குகிறவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள்தான். வீடு மலிவாகும் நாள், உங்களையெல்லாம் துரத்தும் நாள். அன்றைக்கும் காசுள்ளவன் வாங்குவான், அதே வீட்டை நமக்கே வாடகைக்கு விடுவான். நாம் தெருவில் நின்று, விலை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு.

பெர்னா


எட்மண்டன்
25 ஜனவரி 2015

பெர்னா,

நீ சொன்னபடியே ஆகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கவைத்து, வேலையைவிட்டு நிறுத்துகிறவர்கள் பெயரை வாசித்தார்கள், என் பெயரும் வந்தது. யாரும் தட்டைக்கூட எடுக்கவில்லை. ஊர் திரும்ப டிக்கெட்டும் கையில் கொடுத்தார்கள். நான் ஏறவில்லை. லியோவின் சோபாவில் படுத்திருக்கிறேன். வசந்தத்தில் மறுபடி கூப்பிடுவார்களாம், பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் முதல் அழைப்பாம்.

வெறுங்கையோடு உன் முன்னால் வந்து நிற்க என்னால் முடியவில்லை, கண்ணு. வீட்டு விலை இறங்கியிருக்குமே? கெஹோவைக் கேட்டாயா?

ஜெரார்ட்


கார்பனியர்
8 பிப்ரவரி 2015

அன்புள்ள ஜெரார்ட்,

இறங்கியிருக்கிறது. தெரு முழுக்க விற்பனைப் பலகைகள். வங்கியில் டோலரஸ் இந்த முறை என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "அவருக்கு வேலை இல்லாம எப்படி பெர்னா?" முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற என் சம்பளம் அவர்களுக்குப் போதாதாம். வாடகை கட்ட மட்டும் அது போதும்.

கெஹோதான் ஒரு வழி சொன்னார். "வங்கிய விடு புள்ள. வாடகை மாதிரி மாசாமாசம் குடு, முழுசும் தீந்ததும் வீடு உன்னுது. ஆனா தீர்றவரைக்கும் இது என் சொத்து. குழாய் உறையாம, கூரை ஒழுகாம பாத்துக்க ஆள் வேணும். நீ வேலைக்குப் போயிடுவ. ஜெரார்ட் வருவானா?"

நண்டு ஆலையில் வசந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் குறைவுதான். வெறுங்கையோடு வா. நான் எப்போது உன் கையைச் சோதித்துப் பார்த்தேன்? மாதக் கடைசியில் கையெழுத்து. அதற்குள் எழுது.

உன்,
பெர்னா


கார்பனியர்
1 மார்ச் 2015

ஜெரார்ட்,

கடிதம் வரவில்லை. கூப்பிட்டால் உன் போன் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது.

நேற்று கையெழுத்துப் போட்டேன். பேனாவை என்னிடம் கொடுக்கும் முன் கெஹோ மறுபடி கேட்டார், "வருவான்ல?" "வருவான்" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொந்த வீட்டுக்காரி ஆகத் தொடங்கியது, எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லி.

வீட்டுக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் வாசல் சுவரில் ஓர் ஆணி அடித்தேன், உன் கோட்டுக்காக. அடித்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். நன்றாக இருந்தது.

நீ வரும் நாளைச் சொல்.

பெர்னா