முனீஸ்வரனாகிவிட்ட அண்ணனுக்கு

என் அன்பு அண்ணா,

உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

ராணுவத்துக்குப் போய்த் திரும்பி வராத மூன்று பேருக்காக, ராஜகீழ்ப்பாக்கம் முனையில் நம் காலனிக்காரர்கள் ஒரு கல் நட்டார்கள். கந்தன், ஜேக்கப், சேகர் என்று பெயர் வெட்டியிருந்தது. கடைசிப் பெயர் உன்னுடையது. திறந்துவைத்த அன்று அம்மா உன் பெயரை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு வந்தது. ஓர் ஆயுத பூஜையன்று வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தவர்கள் கையோடு கல்லுக்கும் வைத்தார்கள். மரியாதையாகத்தான். அடுத்த வருஷம் மாலை, அப்புறம் மஞ்சள் துணி. பழைய ஆட்கள் வீட்டை விற்றுக்கொண்டு போக, அபார்ட்மெண்டுகளுக்குப் புதிதாக வந்தவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். மஞ்சளும் எண்ணெயும் அப்பி இப்போது எழுத்தே தெரியவில்லை. புது பைக் வாங்கினால் உன் முன்னால்தான் எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். சுருட்டு வேறு படைக்கிறார்கள். பீடிப் புகைக்கே மூக்கைப் பொத்திக்கொள்வாயே, எப்படி அண்ணா பொறுத்துக்கொள்கிறாய்?

ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கும்பிடத்தானே செய்கிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். என் தப்புதான்.

போன வாரம் சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தார்கள். நான் காய்கறிப் பையோடு நின்றிருந்தேன்.

"இது கோயிலா, இல்ல நினைவுக் கல் மாதிரி ஏதாவதா?" என்று இன்ஜினியர் கேட்டார். "கோயில்னா பூஜை போட்டு ஓரமா தள்ளி வெச்சுடுவோம். வேற எதுன்னாலும் பேப்பர் வேணும். இல்லன்னா எடுத்துடுவோம்."

பேப்பருக்கு நான் எங்கே போவேன்? காலனிச் சங்கமே இப்போது இல்லை.

"இன்னா சார், இப்டி கேட்டுட்டீங்க? முனீஸ்வரன் சார், ரொம்ப பவரு!" என்றார் ஆட்டோ ஓட்டும் மணி. "டீச்சரம்மா ரொம்ப வருஷமா இங்கதான் கீறாங்க. அவங்களயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் பெயர் வாய்வரை வந்தது.

"சாமிதான் சார்," என்றேன்.

கல் தப்பித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னை யாரென்றே தெரியாது என்று சொன்ன மாதிரிதானே அது? வேறு என்ன சொல்லியிருப்பேன், நீயே சொல்.

நேற்று வெள்ளிக்கிழமை. அங்கே பூஜை செய்வதும் மணிதான். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யார் பேருக்கு டீச்சரம்மா?"

"சேகர், சுவாதி நட்சத்திரம்," என்றேன். கந்தனையும் ஜேக்கப்பையும் சொன்னேன். அவர்கள் நட்சத்திரம் தெரியாது என்றேன்.

"பரவால்ல, பேரு போதும்," என்று மூன்று பெயரையும் உரக்கச் சொல்லிக் கற்பூரம் காட்டினார். பிறகு, "யாரு இவங்கள்லாம்?" என்று கேட்டார்.

"அண்ணனுங்க."

"எங்க கீறாங்க?"

"இங்கதான்," என்றேன். அவர் அடுத்த தட்டை வாங்கப் போய்விட்டார்.

ஒவ்வொரு வெள்ளியும் வருவேன் அண்ணா. என் கால் நடக்கிறவரை, வாரத்துக்கு ஒரு தரமாவது உங்கள் மூன்று பெயரும் அந்தக் கல்லுக்கு முன்னால் கேட்கும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னைச் சாமி என்று சொல்லிவிட்ட தங்கை,
வசந்தி