தண்டட்டி போன காது

அத்தை,

இன்று காலை பாடாங் செராய் பசாரில் ஒரு கடை வாசலில் கல்லுப்பு மூட்டை பிரிந்து கொட்டிக் கிடந்தது. கடைக்காரர் அதைத் துடைப்பத்தால் சாக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, "உப்பையா கூட்டித் தள்றீங்க?" என்று நடுப் பசாரில் கத்திவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உப்புதானே லா, ஆச்சி" என்றார்.

உப்புதானாம். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் படிக்கப்போவதில்லை; இருந்தபோதே உங்களுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் நான் முணுமுணுத்தால் மட்டும் அடுத்த லயம்வரை உங்களுக்குக் கேட்கும்.

ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் அத்தை. சேமநிதிப் பணம் கைக்கு வந்துவிட்டது. வேலை இல்லாதவளுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை, காலி பண்ண வேண்டும். உங்கள் பேரன், என் மகன், கூலிமில் வீடு வாங்கியிருக்கிறான். சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை கட்டுகிறானாம். கட்டுவது என் பணத்தில். "நீங்க ஏம்மா தனியா கஷ்டப்படணும், காச என்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்கிறான். பாசமாகத்தான் சொல்கிறான். இதே பேச்சை இதே பாசத்தோடு சொன்ன இன்னொருவர் முகம்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. உங்கள் மூத்த மகனின் முகம்.

ஜப்பான்காரன் வந்த பிறகு வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். உங்கள் இளைய மகனை, என் புருஷனை, சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான். மிச்சம் இருந்தது நீங்கள், நான், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. உங்களுக்கு அப்போதே கை நடுங்கும், மரம் சீவ முடியாது. வேலை செய்யாதவர்களுக்கு அரிசிப் பங்கீடு கிடையாது, வீட்டையும் விட வேண்டும் என்று, வேலை வாங்கும் மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

வேலையை விடும் நாளுக்கு நீங்கள் வேறு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். கப்பலேறி ஊருக்குப் போவது, அண்ணன் வீட்டில் இருப்பது, அங்கேயே கண்ணை மூடுவது. கப்பலும் நின்றது, ஊரிலிருந்து கடுதாசியும் நின்றது. அந்தக் கணக்கில் மிஞ்சியது உங்கள் காதில் தொங்கிய தங்கத் தண்டட்டி மட்டும்தான். அது உங்கள் சாவுக்கு என்று தோட்டத்துக்கே தெரியும். நம் சனங்களின் வழக்கம் அதுதானே. கிழவி போனால் காதிலிருந்து கழற்றி விற்று, மேளம், பாடை, கருமாதி எல்லாம் அதில் செய்வார்கள். மிச்சம் மூத்த மகனுக்கு.

அந்த மூத்த மகன் சுங்கை பட்டாணியில் துணிக்கடையில் இருந்தார். சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அந்தக் காலத்தில் அதுவே பெரிது. நாம் சாக்கை உடுத்திக்கொண்டிருந்தோம்.

"ஆத்தா, நீங்க என்கூட வந்துடுங்க. கடைக்குப் பின்னால எடம் இருக்கு. தண்டட்டியக் கழட்டிக் குடுங்க, ஜப்பான்காரன் காதோட அறுத்துட்டுப் போயிடுவான். நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார்.

"இவளும் புள்ளையும்?" என்று கேட்டீர்கள்.

"அவங்க அப்பா தோட்டத்துக்குப் போகட்டும். எனக்கும் குடும்பம் இருக்குல்ல."

என் அப்பா தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்குக்கே அடிதடி. அது அவருக்கும் தெரியும். நீங்கள் போய்விட்டால் நானும் குழந்தையும் செத்தோம் என்றுதான் நினைத்தேன். நீங்களோ யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினீர்கள். அன்று உங்களை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு பீடோங்குக்கு நடந்தீர்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "வாய மூடிக்கிட்டு வாடி" என்றீர்கள். சீன முதலாளி, அந்தத் தவுக்கே கடையில் தண்டட்டியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். அவர் உரசிப் பார்த்து, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கத்தை கத்தையாக எடுத்து வைத்தார். அத்தனை நோட்டை நான் கண்ணால் கண்டதில்லை. நீங்கள் புறங்கையால் தள்ளினீர்கள்.

"இனி டுயிட் தா மாவு, தவுக்கே. குவாலி மாவு. பெசார் குவாலி."

பணம் வேண்டாம், பெரிய இரும்புச் சட்டிதான் வேண்டும் என்றதும் அவர் சிரித்துவிட்டார். பேரம் பேசிப் பேசி ஒரு குவாலி, விறகு வெட்ட ஒரு பாராங், அரை மூட்டை அரிசி, அதற்கு மேல் ஒரு கட்டு வெற்றிலை. வெற்றிலைக்காக நீங்கள் போட்ட சண்டையில் பாதிகூட அரிசிக்குப் போடவில்லை. "இந்த நேரத்துல வெத்தல கேக்குதா?" என்று எரிந்து விழுந்தேன். "ஒழைச்ச வாய்டி. செவக்கட்டும்" என்றீர்கள். குவாலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடக்க, காது இரண்டும் வெறுமனே ஆடிக்கொண்டே வந்தன. பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூத்தவர் திரும்பி வந்தபோது முதலில் பார்த்தது அந்தக் காதைத்தான்.

"தண்டட்டி எங்க?"

"வித்துட்டேன்."

"அது உங்க காரியத்துக்கு வச்சதில்ல? நாளைக்கு உங்கள எத வச்சு எடுத்துப் போடுறது? ஊரு காறித் துப்பாது?"

"செத்தப்புறம் எனக்கு மேளம் கேக்கவா போவுது? இப்பப் பசிக்குதுடா."

லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாவுக் காசைத் தின்ற பொம்பளை என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்காமலா இருக்கும்? நீங்கள் அவளைப் பார்த்து, "ஆமா, நீயும் வா, குவாலி பெருசுதான்" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்து, எங்களுக்காகவா இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். கையை உதறிவிட்டீர்கள். "ஒனக்காக ஒண்ணுமில்ல. அவன் பொண்டாட்டி போடுற சோத்துக்கு என்னால காத்துக்கிட்டு ஒக்கார முடியாது. நீ வந்தா வா."

கடலோரம் தஞ்சோங் டாவாய்க்குப் போனோம். அங்கே ஒரு மலாய்க்கார மீனவர், தன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிசை போட இடம் கொடுத்தார். கடல் தண்ணீரைச் சுமந்து வந்து குவாலியில் ஊற்றி, அலையாத்தி விறகு வைத்துக் காய்ச்சுவோம். புகையில் கண் எரியும், கை வெடிக்கும். நாள் முழுக்கக் காய்ச்சினால் அடியில் அழுக்கு நிறத்தில் கொஞ்சம் உப்பு நிற்கும். வெளி உப்பு வராத காலம். தோட்டங்களில் உப்பில்லாமல் கை கால் வீங்கிக் கிடந்தார்கள். நம் உப்பைக் கொடுத்தால் அரிசி வந்தது, கிழங்கு வந்தது, குழந்தைக்கு ஒரு துண்டுத் துணி வந்தது. உங்களைத் திட்டியவளே அவ்வளவு தூரம் நடந்து வந்து உப்பு வாங்கிப் போனாள். அவளுக்கு நீங்கள் ஒரு பிடி அதிகமாகப் போட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் பெயர் கொடுங்கள் என்றார்கள். இப்போதாவது போவீர்கள் என்று நினைத்தேன். "அங்க போயி அண்ணன் பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும்" என்று வெற்றிலையைத் துப்பினீர்கள், அவ்வளவுதான் முடிவு. நான் மட்டும் தோட்டத்துக்குத் திரும்பி மரம் சீவப் போனேன். நீங்கள் அந்தக் குடிசையை விட்டு வரவே இல்லை.

அங்கேதான் போனீர்கள். மேளம் இல்லை, பாடைக்குப் பூ இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் தோள் கொடுத்தார்கள். உப்புக் காய்ச்ச அடுக்கி வைத்திருந்த விறகிலேயே உங்களை வைத்தோம். மூத்தவர் வந்து கொள்ளி போட்டார். "ஒரு மேளம்கூட இல்லாமப் போயிட்டியே ஆத்தா" என்று வாய்விட்டு அழுதார். பொய் அழுகை இல்லை. ஆனாலும் எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரப் பார்த்தது அத்தை. மேளத்துக்கு வைத்தது சோறாகப் போனதால்தானே உங்கள் பேரன் அங்கே கொழுகொழு என்று நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பேரன்தான் நேற்று வந்து என் முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பணம் கொடுக்கவில்லை. பாடாங் செராயில், கோயிலுக்குப் பின்னால், பலகை வீடு ஒன்றை வாங்கிவிட்டேன். சின்னதுதான். தகரக் கூரை, கிணறு, ஆடு கட்ட இடம்.

"எல்லாத்தையும் அந்தப் பலகையில போட்டுட்டீங்களே அம்மா! சொந்தக்காரங்க என்னத்தான் கேப்பாங்க, பெத்தவள வச்சுப் பாக்கலையான்னு."

"கேட்டா, கூப்ட்டேன் வரலைன்னு சொல்லு. நெசந்தானே?"

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? காரியத்துக்காச்சும் கொஞ்சம் வச்சிருக்கீங்களா?"

"வைக்கல. அதுக்குத்தான்டா ஒன்னப் பெத்தேன்."

அவனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டான். அவன் போன பிறகு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நீங்களும் பயந்திருப்பீர்கள். குறட்டை விட்டதால் உங்களுக்குப் பயமே இல்லை என்று நான் நம்பிவிட்டேன்.

நகை நட்டு எதையும் நீங்கள் எனக்கு விட்டுப்போகவில்லை. ஊர் திமிர் என்று சொன்ன அந்தப் பிடிவாதம் ஒன்றுதான் உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து. எவ்வளவு செலவழித்தும் இன்னும் தீரவில்லை.

நாளைக் காலை சாமான் ஏற்றுகிறேன். உங்கள் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, லாரி கொண்டுவருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான். வரட்டும். இறக்கிப் போட்டதும் கை கழுவச் சொல்லி, இலை போட்டு, என் வீட்டில் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவேன்.